விருந்தாளி அறையில் இரண்டு ஹீட்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதல் நான்கு பிரதிகளில் அந்தக் கோபம் முழுவதையும் ஒரு மாமியாரின் தலையில் கட்டினேன். இது ஐந்தாவது பிரதி.

தொடக்கம் இப்படி இருந்தது: 'உஸ்பெகிஸ்தானின் மார்கிலானில் பனி பெய்த ஒரு ஜனவரிக் காலையில், சுல்குமோர் விருந்தாளி அறையை வெகு அழகாக—'

அடித்துவிட்டேன். அழகாம், அழகு.

2

சுல்குமோர் அந்த வீட்டு மருமகள். ஏழு வருடமாக அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கெலின்', அதாவது மருமகள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அவள் அம்மா தைத்துக் கொடுத்த பஞ்சு மெத்தைகள் பதினெட்டும் அந்த அறையில் மரப்பெட்டிமேல் கூரையைத் தொட அடுக்கியிருந்தன. ஒன்றில்கூட அவள் படுத்ததில்லை.

அன்று அவற்றில் மூன்றை இறக்கி, கதவுக்கு நேர் எதிரே, மரியாதைக்குரிய இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். வெல்வெட் தலையணை வைத்தாள். பிரிக்காத பல் பிரஷ், புதுத் துண்டு, பிஸ்தா, சீமை மாதுளை ஜாம். வீட்டிலேயே ஈரமில்லாத, வெயில் விழுகிற அறை அது ஒன்றுதான். குடும்பம் மொத்தமும் வடக்கு மூலையில், சுவர் கறுத்துப் பூசணம் பூத்த அறையில் படுத்தது. அங்கேதான் அவளுடைய நான்கு வயது மகள் துர்தோனா மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, குளிர் முடியற வரைக்கும் பிள்ளையை இந்த ரூம்ல படுக்க வைக்கலாமா? ஈரத்துல படுத்தா சளி நெஞ்சுல இறங்கிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"இருமற பிள்ளை படுத்த மெத்தையில விருந்தாளியைப் படுன்னு சொல்லச் சொல்றியா? தெருவுல தலைகாட்ட வேண்டாமா, கெலின்?"

"விருந்தாளி வருஷத்துல நாலு நாள் வர்றாங்க. பிள்ளை தினமும் இருக்கா."

"வாயாடறதுக்குத்தான் உங்க அம்மா பதினெட்டு மெத்தை குடுத்து அனுப்பினாளா?"

(இந்த மாமியார் இனோயத் அம்மாளை இரண்டாம் பிரதியில் ராட்சசி ஆக்கியிருந்தேன். ஆனால் ஈரச் சுவரை ஒட்டிப் படுப்பது அவர்தான். தன் ஒரே கம்பளிச் சால்வையைப் பேத்திக்குச் சுற்றியவரும் அவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.)

3

விருந்தாளி யார்? நான்கு பிரதிகளிலும் 'தாஷ்கென்ட்டிலிருந்து வந்த ஒரு தடித்த அதிகாரி' என்று எழுதினேன். பொய். நான்தான். சுல்குமோரின் கணவன் ஹம்தமோடு ஒரே பட்டு ஆலையில் வேலை பார்த்தவன்.

மதியம் சாப்பிடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நிற்கவே இல்லை.

"ஹம்தம், எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ரூம்? பிள்ளை இங்க படுக்கட்டும். நான் அந்த ரூமுக்குப் போறேன்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. நாற்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே விருந்தாளி அறையை வேண்டாம் என்றால், அறையில் குறை இருக்கிறது, அதை நாசூக்காகச் சொல்கிறான் என்றுதான் பொருள்.

"குளிருதா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று எழுந்து போனான்.

ஐந்து நிமிடத்தில் சுல்குமோர் ஒரு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏற்கெனவே அறையில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இதைக் காலடியில் வைத்தாள். அதன் தகடு இன்னும் ஆறவில்லை.

"இது பிள்ளை ரூம்ல இருந்ததுதானே?"

"அவளுக்குப் பழக்கம்தான்." என் முகத்தை அவள் பார்க்கவில்லை. "வேற குறை இருந்தாலும் சொல்லிடுங்க. ஆனா கொண்டுவர எங்ககிட்ட இனிமே எதுவும் இல்லை."*

* இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். இன்றுவரை என் செவிட்டில் அறைகிறது.

4

முடிவு ஒன்று: நான் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் குழந்தையின் பக்கத்தில் வைக்கிறேன். (என்னை நல்லவனாகக் காட்டுகிறது. அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: சுல்குமோர் துர்தோனாவைத் தூக்கிவந்து அந்த மூன்று மெத்தைமேல் கிடத்துகிறாள், 'எந்திரிங்க' என்கிறாள். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. எழுதி ஆறுதல் தேடிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

முடிவு மூன்று: மூன்று நாள் தங்கினேன். நான் கிளம்பிய காலையில் குழந்தையைப் போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு—

முடிக்க மாட்டேன். முடித்தால் ஒருமுறை உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

அதற்குப் பதில், கொஞ்சம் இந்த இடத்தில் வந்து உட்காருங்கள். ஹீட்டரை வைத்துவிட்டு சுல்குமோர் நிற்கிறாள். வேண்டாம் என்றால் அந்தச் சால்வையும் வந்துவிடும். உங்கள் பதிலுக்காக வாசலில் ஒரு குடும்பமே காத்திருக்கிறது. அந்தப் பக்கம் குழந்தை இருமுகிறது. என்ன சொல்வீர்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னது இதுதான்:

"ரொம்ப நன்றிம்மா. இப்ப கதகதப்பா இருக்கு."