நாற்பத்தோரு பக்கத் திட்டமும் ஒரு சாய்ந்த கேக்கும்

ஜனவரி மாதம், வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஆகஸ்டில் போகப்போகும் பயணத்துக்கு எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று எழுதி வைக்கிறான் என்றால், அவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். எனக்கு இல்லை. எங்கள் ஊர் தானியக் கிடங்கின் எடை மேடையை முப்பத்தொரு வருடம் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன் நான். கெரிட் சோள லாரியைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

எங்கள் ஊர் அயோவாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. மாநிலப் பொருட்காட்சி நடக்கும் டெ மாய்னுக்கு நான்கு மணி நேரப் பயணம். பின்னால் வீட்டு டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு நான் ஓட்டினால் ஆறு மணி நேரம். பொருட்காட்சித் திடலை ஒட்டிய மேட்டில் டிரெய்லர்களுக்கென்று முகாம் இருக்கிறது. அங்கே எங்களுக்கு ஒரு இடம் உண்டு. எங்களுக்கு என்பது பேச்சுக்குத்தான். இடம் என் மனைவி மார்லிஸ் பேரில் இருக்கிறது, அவளுடைய அத்தையிடமிருந்து வந்தது. வருடா வருடம் பொருட்காட்சி முடிவதற்குள் அவள் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த வருடமும் இடம் எங்களுடையது. போடாவிட்டால், வரிசையில் பதினோரு வருடமாகக் காத்திருக்கிற எவனோ ஒருவன் வந்து உட்கார்ந்துவிடுவான்.

போன வருடம் அவள் கடைசி நாள் மத்தியானம் வரைக்கும் இழுத்தடித்துத்தான் போட்டாள். காரணம் கேக்.

மார்லிஸ் செய்யும் கருக்கிய சர்க்கரைக் கேக்கைத் தின்றவர்கள் அதன் பிறகு கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். ஆனால் பொருட்காட்சிப் போட்டியில் அதற்கு ஒரு ரிப்பன்கூடக் கிடைத்ததில்லை. ஏனென்றால் அது ஒரு தடவைகூட முழுசாகப் போய்ச் சேர்ந்ததில்லை. முந்தின வருடம் சாலையில் ஒரு காட்டு வான்கோழி குறுக்கே வந்தது. நான் பிரேக் அடித்தேன். வான்கோழி பிழைத்தது. போன வருடம் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏ.சி.யை அணைத்து வைத்தேன். மேலே தடவியிருந்த பூச்சு முழுக்க உருகி இருக்கையில் இறங்கிவிட்டது. இன்னும் அந்த இருக்கையில் எறும்பு மொய்க்கிறது.

"இந்த வருஷம் நீ உன் டப்பாவ இழுத்துக்கிட்டு தனியா போ" என்றாள் ஜனவரியில். "நான் கேக்க எடுத்துக்கிட்டு கார்ல போறேன். எங்க அக்கா வீட்ல தங்கிக்கறேன்."

"பத்து நாளுமா?"

"அங்க கட்டில் இருக்கு, குளிக்க சுடுதண்ணி இருக்கு. நாப்பது வருஷம் பெரிய லாரி ஓட்டுன மாதிரி பேசறவங்க யாரும் இல்ல."

வீட்டில் நாங்கள் பேசுவது மழையைப் பற்றியும் மருந்து மாத்திரையைப் பற்றியும்தான். அந்தப் பத்து நாள் மட்டும் டிரெய்லர் வாசலில் மடக்கு நாற்காலி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வோம். போகிற வருகிறவர்களின் தொப்பியைப் பார்த்து அவள் சிரிப்பாள். என்னோடு சிரிப்பாள். வருடத்தில் எனக்குக் கிடைக்கிற சிரிப்பு அவ்வளவுதான். அது போய்விட்டால் எனக்கு ஒன்றும் இல்லை.

"ஒரே ஒரு சான்ஸ் குடு" என்றேன். "கேக்க கொண்டு போனாத்தானே பிரச்சினை? டிரெய்லர்லயே அடுப்பு இருக்கு. அங்கயே போய் சுடு. முழுத் திட்டமும் நான் போடறேன்."

அவள் விரலை நீட்டினாள். "சரி. இந்தத் தடவையும் கேக் போச்சுன்னா சீட்டுல கையெழுத்து கிடையாது, பாத்துக்க."

அன்று தொடங்கிய திட்டம் ஜூலையில் நாற்பத்தோரு பக்கம் ஆகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் எவ்வளவு எடை, பாதி நிறைந்தால் எவ்வளவு, மார்லிஸ் முன்பக்கம் நின்றால் பின்பக்கம் எவ்வளவு தூக்கும் என்றுகூடக் கணக்கு இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அவளிடம் காட்டவில்லை. ஏப்ரலில் சர்ச் வாகனத் திடலில் ஒத்திகை பார்த்தேன். குப்பைத் தொட்டிகளை மற்ற டிரெய்லர்களாக வைத்துக்கொண்டு நடுவில் பின்னோக்கி விட்டேன். மூன்று டிரெய்லர்கள் செத்தன. பாதிரியார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஆனால் என் திட்டத்தின் மகுடம் பதினேழாவது பக்கம். எங்கள் இடம் மேட்டில் சரிவாக இருக்கிறது. எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்து, சக்கரத்தடியில் பலகை செருகி, எடுத்து, மறுபடி செருகி அரை நாளை வீணாக்குவார்கள். நான் போன ஆகஸ்டிலேயே சரிவை அளந்து குறித்து வைத்திருந்தேன். அந்த அளவுக்குச் சரியாக, விலை கூடின கருவாலி மரத்தில் பலகைகள் அறுத்து, இழைத்து, நம்பர் போட்டு வைத்துக்கொண்டேன். போய் நிறுத்த வேண்டியது, ஏற்ற வேண்டியது, அவ்வளவுதான். பதினேழாவது பக்கத்தின் அடியில் எழுதினேன்: ரசமட்டம் தேவையில்லை. வீண் சுமை. வீட்டில் வைத்துவிடவும்.

பயணம் அருமையாகப் போனது. ஒரு வான்கோழியும் வரவில்லை. இடத்தில் ஒரே தடவையில் பின்னோக்கி விட்டேன். பலகைகளை நம்பர்படி இடப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து ஏற்றினேன். மொத்தம் ஒன்பது நிமிடம். கையைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்து இடம் டெல்மருடையது. பன்றிப் பண்ணைக்காரர், பத்தொன்பது வருடமாகப் பொருட்காட்சியில் எங்கள் பக்கத்து டிரெய்லர். காபிக் கோப்பையோடு வந்து என் டிரெய்லரைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"ம்ம். இது ஒரு மாதிரி புதுசா இருக்கேப்பா."

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அயோவாவில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தப்பை நேராகச் சொல்ல மாட்டோம், வீடு தீப்பற்றி எரிந்தாலும் நாங்கள் இதைத்தான் சொல்வோம். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் என் பலகைகளின் அழகில் மயங்கியிருந்தேன்.

"எல்லாம் ஜனவரியிலயே அறுத்தது" என்றேன் பெருமையாக.

"அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே மார்லிஸ் மேஜையில் பேனாவை வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி உருண்டது.

"கெரிட், ஃப்ரிட்ஜுக்குப் போறது மலையேறற மாதிரி இருக்கே?"

"ஆறு மணி நேரம் வண்டியில உக்காந்து வந்தா அப்படித்தான் இருக்கும். நாளைக்கு சரியாயிடும்."

"நிச்சயமா?"

"முப்பத்தொரு வருஷம் எடை மேடையில நின்னவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

அவள் பேனாவை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலையை ஆரம்பித்தாள். ஒன்பதரைக்குள் கேக்கைப் போட்டிக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு அடுக்குக் கேக். டிரெய்லர் அடுப்பு சின்னது, ஒரு நேரத்தில் ஒரு அடுக்குத்தான் போகும். முட்டையும் இரண்டு அடுக்குக்கு மட்டும் எண்ணிக் கொண்டுவந்திருந்தோம். அதுவும் என் திட்டம்தான், சுமை குறைப்பு.

முதல் அடுக்கை வெளியே எடுத்தாள். ஒரு பக்கம் நாலு விரல் உயரம், மறுபக்கம் ரெண்டு விரல். கதவு நிற்க வைக்கச் செருகுகிற ஆப்பு மாதிரி இருந்தது. சீவி மட்டம் பண்ணினால் பிஸ்கட்தான் மிஞ்சும்.

மார்லிஸ் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பரவால்ல" என்றாள்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திட்டக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பதினேழாவது பக்கத்தைத் திறந்தேன். போன ஆகஸ்டில் என் கையெழுத்தில் 'இடது பக்கம் தாழ்வு' என்று இருந்தது. எங்கே நின்று எழுதினேன் என்று யோசித்தேன். டிரெய்லருக்கு எதிரே, அதன் முகத்தைப் பார்த்து நின்று எழுதியிருக்கிறேன். எதிரே நிற்கிறவனுக்கு எது இடதோ அது வண்டிக்கு வலது. பள்ளத்தில் வைக்க வேண்டிய பலகையை மேட்டில் வைத்து, கடவுள் கொடுத்த சரிவை இரண்டு மடங்காக்கியிருக்கிறேன். அதற்குக் கருவாலி மரம் வேறு.

உள்ளே போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். காகிதங்களை வாசல் படியில் வைத்துவிட்டு நேராக டெல்மரிடம் போனேன். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் நான் உப்புகூடக் கேட்டதில்லை.

"ஜாக்கி இருக்கா? டிரெய்லர் சாஞ்சிருக்கு."

"நேத்தே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னேனேப்பா. புதுசா இருக்குன்னு."

அவர் ஜாக்கியைத் தேடி எடுத்து, அதற்கு எண்ணெய் விட்டு, நாங்கள் திரும்பி வந்தபோது மார்லிஸ் இல்லை. துண்டும் சோப்பும் இல்லை, குளியலறைப் பக்கம் போயிருக்கிறாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு சீட்டு: 'அடுப்பைத் திறக்காதே.'

இரண்டாவது அடுக்கு உள்ளே போய்விட்டது! இப்போதுதான் வைத்திருப்பாள், மாவு இறுகியிருக்காது. இன்னும் காப்பாற்றலாம். நானும் டெல்மரும் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலோடு தூக்குகிற மாதிரி டிரெய்லரைத் தூக்கினோம். என் பலகைகளை உருவி அந்தப் பக்கத்துக்கு மாற்றினோம். டெல்மர் தன் காபிக் கோப்பையை டிரெய்லருக்குள் தரையில் வைத்து, காபி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். எந்தப் பக்கமும் சாயவில்லை. பலகைகளின் அளவு மயிரிழை பிசகாமல் சரியாக இருந்தது. பக்கம்தான் தப்பு.

மார்லிஸ் ஈரத்தலையோடு வந்தாள். உள்ளே ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன பண்ணின?"

"மட்டம் பண்ணிட்டேன்!"

"ஐயோ, கெரிட்."

அடுப்பைத் திறந்தாள். கேக் தட்டின் ஒரு ஓரத்துக்கு அடியில், அலுமினியத் தாளில் சுற்றிய தடித்த பொட்டலம் ஒன்று முட்டுக்கொடுத்து நின்றது. தாளின் ஒரு மூலை விலகி, பழுப்பேறிய காகிதத்தில் என் கையெழுத்து தெரிந்தது. நாற்பத்தோரு பக்கமும் உள்ளே இருந்தன.

"சாய்வுக்குச் சரியா மடிச்சு வெச்சேன்" என்றாள். "படியில கெடந்துது. ஒனக்கு எதுக்குத் தெரியணும், நீ சங்கடப்படுவியேன்னு நானே வெச்சேன்."

"நானும் ஒனக்குத் தெரியாமத்தான்..."

சரிந்த டிரெய்லருக்காக அவள் கொடுத்த முட்டு, நேரான டிரெய்லரில் சரிவாகிவிட்டது. இரண்டாவது அடுக்கும் ஆப்புத்தான். ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் ரெண்டு.

"நேத்து பேனா உருண்டப்பவே தெரியும்ல?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அப்பவே ஏன் சொல்லல?"

"கேட்டேன். நீ நிச்சயம்னு சொன்ன. நம்பினேன்."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். சீட்டு போச்சு, நாற்காலி போச்சு, சிரிப்பு போச்சு.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். மார்லிஸ் முதல் அடுக்கின் தடித்த பக்கத்துக்கு மேலே இரண்டாவது அடுக்கின் மெலிந்த பக்கம் வரும்படி கவிழ்த்து வைத்திருந்தாள். மேல்புறம் மேஜை மாதிரி மட்டமாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அடுப்பைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்!" என்றாள். "யாராவது ஒருத்தர் மட்டும் புத்தியா நடந்திருந்தா, ரெண்டாவது மட்டமா வந்து கேக் போயிருக்கும்!"

டெல்மர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிகப் பெரிய பாராட்டு அது.

எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது ஒப்படைத்தோம். எங்கள் போட்டியில் நடுவர் எல்லார் முன்னாலும் சுவைத்துச் சத்தமாகவே சொல்வார். அந்த அம்மாள் கேக்கை வெட்டினார். நடுவில் பூச்சு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்காக ஓடியது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்.

"இது ஒரு மாதிரி புதுசா இருக்கு" என்றார்.

ஆனால் ஒரு வாய் தின்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டார்.

மூன்றாம் பரிசு, வெள்ளை ரிப்பன். முதல் பரிசு டெல்மரின் மனைவி ஆர்டித்துக்குப் போனது. மார்லிஸ் ரிப்பனைப் பத்து நாளும் டிரெய்லர் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தாள். போகிறவர்களின் தொப்பியைப் பார்த்துச் சிரித்தோம். என் தொப்பியைப் பார்த்தும் சிரித்தாள். சீட்டைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சீட்டு கையெழுத்தில்லாமல் மேஜை ஓரத்தில் கிடந்தது.

கடைசி நாள் காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பேனாவை எடுத்து என்னவோ எழுதினாள். பிறகு பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, மடக்கு நாற்காலிகளை எடுக்க வெளியே போனாள். பேனா உருளவில்லை.

ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். சீட்டில் அவள் கையெழுத்து இருந்தது. பக்கத்திலேயே ஒரு சின்னத் துண்டுக் காகிதம், அடுத்த வருடத் திட்டம். எடுத்துப்போக வேண்டியவை: முட்டை இரண்டு டஜன், ரசமட்டம், கெரிட்.

கடைசி இடம்தான். ஆனால் பட்டியலில் இருக்கிறேன்.