சுவரிடம் சொல்வது

உலகத்தில் இதுவரை பிறந்தவர்கள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் முந்நூறு பக்கத்துக்குள் புரிந்துகொண்டுவிடலாம், அதற்கு மேல் ஒரு மனிதனிடம் சரக்கு கிடையாது என்று சிவசுப்பிரமணியம் அறிவித்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. கோயமுத்தூரில் மனோதத்துவம் இரண்டாம் வருஷம். அறிவிப்பு வெளியான இடம் திருப்பூர் மண்ணரையில் அவர்கள் வீட்டுச் சமையல்கட்டு. கேட்டுக்கொண்டிருந்தது அவன் அம்மா நஞ்சம்மாள் ஒருத்திதான். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி கண்ணு. கை கழுவிட்டு வா."

திருப்பூருக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் தெரியாத காலம் அது. பனியன் என்றால் வெள்ளை. நொய்யல் கரையில் சலவைத் துணி காயும்போது ரயிலில் போகிறவர்கள் கொக்குக் கூட்டம் இறங்கியிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். வீட்டின் முன்பக்கமே கம்பெனி. அப்பா போன பிறகு அண்ணன் குமாரசாமிதான் அதை நடத்திவந்தான். வட்டமாகச் சுற்றும் நிட்டிங் மிஷினிலிருந்து துணி குழாய்போல இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் எதிரில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடியபடி பார்த்துக்கொண்டிருப்பாள் வேலாத்தாள். அண்ணனுக்குத் தங்கை, சிவசுப்பிரமணியத்துக்கு அக்கா.

வேலாத்தாள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். புதுத்துணி மேலே பட்டால் கிழித்துப்போடுவாள். காதில் விழுந்ததைக் காதில் விழுந்த குரலிலேயே திருப்பிச் சொல்வாள். அண்ணனுக்குச் சம்பந்தம் பேச வந்த பெண்ணின் அப்பா, "நல்லா இருக்கியா கண்ணு" என்று கேட்டதற்கு, மேஸ்திரியின் குரலில், "ஊசி ஒடஞ்சா உங்கொப்பனா வாங்கித் தருவான்" என்றாள். அவர் தங்கமான மனிதர். "இல்லீங்க" என்று பணிவாகப் பதில் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். சம்பந்தம் முடிவானது.

ஊரார் அவளை 'ஒரு மாதிரி' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். சிவசுப்பிரமணியத்துக்கு அதைவிட விசித்திரமாகத் தெரிந்தது அம்மா அவளோடு பேசும் விதம். மகள் பக்கம் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். "இப்பச் சோறு வரும். அப்பறம் தட்டம் கழுவற சத்தம் கேக்கும். அப்பறம் லைட்டு அணையும்" என்று சுவரிடம் ஒப்பிப்பாள். கொஞ்ச நேரத்தில் வேலாத்தாள் தானாக எழுந்து சாப்பிட வருவாள். சிவசுப்பிரமணியம் இதை ஹாஸ்டலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நடித்துக் காட்டியிருக்கிறான். 'சுவருக்கு டியூஷன்' என்று பெயர். பலமுறை திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்கள்.

அந்த வருஷம்தான் கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் ஆட்டிசம் என்ற சொல்லைப் பார்த்தான். முகம் பார்க்காதது, ஆடுவது, சொன்னதையே சொல்வது என்று அக்காவை யாரோ பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது. காரணமும் போட்டிருந்தது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டான்.

"ஏனுங்கம்மா, அக்காவுக்கு இருக்கறதுக்குப் பேரு கண்டுபிடிச்சாச்சுங்க. தாய் பாசமில்லாம, ஐஸ் கட்டியாட்டம் இருந்தாப் பொறக்கற புள்ள இப்படி ஒதுங்கிக்குமாமுங்க. அமெரிக்காவுல ஒத்துக்கிட்டாங்க."

அம்மா மறுத்து ஏதாவது சொல்வாள், தான் பதில் சொல்லலாம் என்று நான்கு வாதங்களைத் தயாராக வைத்திருந்தான். அம்மா மறுக்கவில்லை.

"இருக்கும் கண்ணு," என்றாள். "அவ கைக்கொழந்தையில நான் காடே கதின்னு கெடந்தேன். தூக்கிக் கொஞ்சுனாப்பல நெனப்பில்லை."

அதற்குப் பிறகு சுவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். வேலாத்தாளை எதிரில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, முகத்தைப் பார்த்து, "கண்ணு, சாமி" என்றாள். இழுத்து அணைத்துக்கொண்டாள். வேலாத்தாள் அலறிய அலறலில் மிஷின்காரர்கள் ஓடிவந்தார்கள். அம்மா விடவில்லை, பாசத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். மணிக்கட்டில் கடிபட்டது. வேலாத்தாள் போய் நூல் மூட்டைகளுக்கு நடுவில் நுழைந்தவள், சோற்றுக்கும் வெளியே வரவில்லை. தட்டை உள்ளே தள்ளிவிட்டு வந்தார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மணப்பெண்ணுக்கான கூறைச் சேலையின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையைக் கூடப்பிறந்தவளும் பிடித்து, ஊர் பார்க்க நிற்க வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள்.

பெரியப்பா மாரப்பன் வந்து மூட்டைகளை எட்டிப் பார்த்தார். "நஞ்சம்மா, எங்கூட்டுப் பழனாயி நிக்கட்டும். இது நடக்கற காரியமில்ல."

"இவ இருக்கறாளுங்களே மாமா."

"இருக்கறா. யாரு இல்லேன்னா?"

அம்மா கட்டுப்போட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "உசுரோட இருக்கறவளுக்குப் பதலு இன்னொருத்தி நின்னா, அன்னிக்கோட இவ இல்லாதவதானுங்க" என்றாள். பெரியப்பா, கல்யாணத்தன்று காலைவரை பார்க்கலாம், முரண்டு பிடித்தால் பழனாயிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவசுப்பிரமணியம் தன் புத்தகத்தில் அடுத்து என்ன செய்வது என்று தேடினான். குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடும்படி போட்டிருந்தது. கல்யாணத்துக்கு அது உதவாது என்று பட்டது. வேறு வழியில்லாமல் நூலகரிடம் போய் நின்றான். அவர் சென்னைக்கு எழுதித் தபாலில் இன்னொரு புத்தகம் தருவித்துக் கொடுத்தார். இந்த மாதிரி ஒரு பிள்ளையின் தகப்பனே எழுதியது. மெலிந்த புத்தகம். கோயமுத்தூரில் ரயில் ஏறியதும் பிரித்தான்.

பெற்றவர்கள் காரணமில்லை, பிறவியிலேயே மூளை வேறு மாதிரி ஓடுகிறது என்று ஆரம்பித்தது. நமக்குச் சாதாரணமான சத்தம் அவர்களுக்கு அடிபோல விழும். முகம் என்பது ஒரே நேரத்தில் பத்துப்பேர் பேசுவதுபோல. அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் பெரிய பயம். ஆகவே அவர் எதிரில் நிற்காமல், பக்கத்தில் எங்கேயோ பார்த்தபடி, வரப்போவதை வரிசையாக முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். மகன் ஜன்னல்பக்கம் திரும்பியிருந்தால் அவரும் ஜன்னலிடம் சொல்வாராம்.

சிவசுப்பிரமணியம் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தான். நிமிர்ந்தபோது வெளியே வெண்ணெய் விற்கிறவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். திருப்பூர் தாண்டிப் போயிருந்தது, வந்திருந்தது ஊத்துக்குளி. இறங்கி, எதிர் ரயில் வரும்வரை பிளாட்பார பெஞ்சில் மீதியையும் படித்தான். ஹாஸ்டலில் கைதட்டல் வாங்கிய இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அச்சில் வந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து, "நீங்க காரணமில்லீங்கம்மா. இந்தப் புத்தகத்துல போட்டிருக்குதுங்க" என்றான்.

"அப்படியா." அம்மா யோசித்தாள். "அப்ப அந்த மொதப் புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துரு கண்ணு. அபராதம் போட்டுருவாங்க."

அவ்வளவுதான். ஆனால் மறுநாள் பூந்திக்காயை ஊறவைத்து, வேலாத்தாளுக்கு எடுத்திருந்த புதுப் பட்டுச் சேலையையும், கூறைச் சேலையில் அவள் பிடிக்க வேண்டிய முனையையும் அலசி அலசி மொடமொடப்பு போகும்வரை துவைத்தாள். பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூட்டைகளின் பக்கத்துச் சுவரோடு மெதுவாகப் பேச்சும் ஆரம்பமானது. வேலாத்தாள் மிஷின் எதிருக்குத் திரும்பி வந்தாள்.

கல்யாணக் காலை, கம்பெனி வாசலில் பந்தல். மிஷின்கள் நின்றிருந்தன. துவைத்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வேலாத்தாள் பந்தலோரம்வரை வந்துவிட்டாள். மேளம் முழங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணவறையில் அண்ணன் கூறைச் சேலையின் ஒரு முனையோடு நின்றான். மறுமுனை சும்மா தொங்கியது. சீர் நடத்தும் அருமைக்காரர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா பழனாயியைப் பார்த்தார்.

அம்மா எங்கே என்று சிவசுப்பிரமணியம் தேடினான். கடைசியில், சமையல் பந்தலுக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள் சீர் நடக்கிற இடத்துக்கு வரக்கூடாது. அந்த விதியை எழுதியவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் அம்மா ஓர் அடி முன்னால் வைத்தவள், அத்தனை பேரையும் பார்த்துவிட்டுப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

சிவசுப்பிரமணியம் மேளக்காரரிடம் போய், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றான். அவர் சம்பளம் வாங்கியதே நிறுத்தாமல் அடிக்கத்தான் என்பதுபோலப் பார்த்தார். நிறுத்தினார். பிறகு அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி, பந்தக்காலுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் வரிசை நாற்காலிகளில் ஹாஸ்டல் நண்பர்கள் மொத்தமும் இருந்தார்கள்.

"மேளம் நின்னுருச்சு," என்று பந்தக்காலிடம் சொன்னான். "இனி அண்ணன் நிக்கற எடத்துக்குப் போகோணும். அங்க ஒரு சேலை இருக்கும். பழைய துணியாட்டம் மெதுவா இருக்கும். அதோட முனையப் புடிச்சாப் போதும். யாரும் மேல தொட மாட்டாங்க. அப்பறம் அரிசி போடுவாங்க. அப்பறம் ஊட்டுக்குள்ள வந்தறலாம்."

"டேய், யாருகிட்டடா பேசற?" என்றான் ஒரு நண்பன்.

"பந்தக்காலுகிட்ட," என்றான் சிவசுப்பிரமணியம். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

இரண்டாவது தடவை சேலைக்கு வந்தபோது முதுகுக்குப் பின்னால், அவன் குரலிலேயே, "முனையப் புடிச்சாப் போதும்" என்று கேட்டது. துணி எழும் சத்தம். கொலுசு அவனைத் தாண்டிப் போனது. பந்தலில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அருமைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு சீரை ஆரம்பித்தார்.

திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. பந்தக்காலில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தபடி, "இப்ப அரிசி வரும். மெதுவாத்தான் போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.