அரிசி டிரம்மில் சிக்கந்தரின் குரல்

13.02.2024, செவ்வாய். இன்றைய தவறு: பாட நோட்டில் பென்சிலால் எழுத வேண்டியதைப் பேனாவால் எழுதிவிட்டேன். சின்னத் தவறுதான். இனிக் கவனமாக இருக்க வேண்டும்.

கயல் டைரியில் இப்படி எழுதி மூடியதற்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு, கம்பம் ஜீப் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் சிக்கந்தரின் குரல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த கயல் வீட்டு அரிசி டிரம்முக்குள்ளிருந்து வந்தது. “கம்பமெட்டு, கம்பமெட்டு, ரெண்டே சீட்டு, ஏறு ஏறு” என்று டிரம் கூப்பிட்டது. உலைக்கு அரிசி எடுக்கப் போன அம்மா மாரீஸ்வரி படியைக் கீழே போட்டாள். “ஏத்தா கயலு, சிக்கந்தர் அண்ணன் எப்ப நம்ம வீட்டுக்குள்ள வந்தாக?” என்றாள். மூடியைத் திறந்து பார்த்தார்கள். முக்கால் டிரம் அரிசி இருந்தது. வேறு எதுவும் இல்லை. எஸ்டேட் வேலைக்கு நேரமாகிவிட்டதால் மாரீஸ்வரி அரிசியை அளந்து களைந்து உலையில் போட்டாள். சோறு வழக்கம்போலவே இருந்தது.

கயல் பகலில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் உத்தமபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்த பிசியோதெரபி உதவியாளர் வகுப்புக்குப் போனாள். அந்த வாரம் நரம்புக் கோளாறுகளின் பெயர்கள். வாயில் நுழையாத பெயர்களை மனதில் நிறுத்த ஸ்டான்லி சார் ஒரு வழி வைத்திருந்தார். “ஒவ்வொரு பேரையும் நீங்க பாத்த ஒரு நோயாளி மேல ஒட்டி வைங்க. ஒட்டுனா உதிராது. ஆனா பென்சில்ல எழுதுங்க. பரீட்சை முடிஞ்சதும் அழிச்சிரணும், அடுத்தவுக நோவு நம்ம நோட்டுல கெடக்கக் கூடாது” என்பார். மற்றவர்கள் ஆஸ்பத்திரிகளில் ஆயா வேலையோ வார்டு வேலையோ பார்த்தவர்கள். கயல் எந்த நோயாளியையும் பார்த்ததில்லை. அதனால் நன்றாக இருந்தவர்களின் பெயர்களை எழுதினாள். ட்ரெமர் என்ற நடுக்கத்துக்கு டீ மாஸ்டர் ராக்கையா. கண் நன்றாக இருந்தும் இடது பக்க உலகம் புத்திக்கு எட்டாமல் போகும் நெக்லெக்டுக்குக் கூடத்து மேற்பார்வையாளர் ஜக்கம்மா. பேச்சு போய் ஒன்றிரண்டு சொல் மட்டும் மிஞ்சும் அஃபேசியாவுக்குச் சிக்கந்தர்.

மூன்றும் மூன்று நாளில் பலித்தன. ராக்கையாவின் கை நடுங்கியதில் டீ ஆற்றாமலே நுரைத்தது. கூட்டம் கூடியது. அவர் சாமிக்கு நேர்ந்துகொண்டு, நடுக்கம் நிற்கக் கூடாது என்று வேண்டினார். ஜக்கம்மா முகத்தின் வலது பாதிக்கு மட்டும் பவுடர் பூசி வந்தார். முறத்தின் வலது பாதியில் கிடந்த காயை மட்டும் பிரித்தார். மதியம் தட்டின் இடது பாதிச் சோறு அப்படியே இருக்க, மருமகள் சோற்றைக் குறைத்துவிட்டாள் என்று அழுதார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியும் கிடைக்கும் என்பதைக் கயல் கண்டுபிடித்து, தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பி வைத்தாள். நல்ல பிள்ளை என்று கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொரு முறை அப்படிச் சொல்லும்போதும் அவளுக்குக் காது எரிந்தது.

சிக்கந்தரிடம் மிஞ்சியது ஒரே சொல்: சீட்டு. பசித்தாலும் சீட்டு, கோபம் வந்தாலும் சீட்டு. அவர் மனைவி மெஹராஜ் தேனிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தாள். படம் சுத்தமாக இருந்தது. ஜீப் முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆள் கூப்பிட விஜயகுமார் என்பவரை வைத்தார். பதினெட்டு வருடம் அந்த ஸ்டாண்டை எழுப்பிய சிக்கந்தர், துணி வைத்துக் கண்ணாடி துடைக்கும் வேலைக்கு வந்தார். கயல் பிளேடால் அவர் பெயரைச் சுரண்டிப் பார்த்தாள். தாள் கிழிந்தது. பெயர் அடுத்த தாளில் அதே நீல மையில் இருந்தது.

டைரியில் அவள் எழுதாத ஒன்று இருந்தது. ஜனவரியில் ஒரு காலை, அம்மா மறந்துவிட்டுப் போன தூக்குவாளியைக் கொடுக்க ஸ்டாண்டுக்கு ஓடியிருந்தாள். அவள் கையில் பாடப் புத்தகம் இருப்பதைப் பார்த்த சிக்கந்தர், “ஏ டாக்டரம்மா, ஸ்டெப்னி மேல ஒரு சீட்டு இருக்கு, ஏறு. அப்பிடியே எங்க டயருக்கும் ஒரு ஊசி போட்டு விடு, காத்து நிக்க மாட்டேங்குது” என்றார். ஜீப்பிலிருந்த பதினான்கு பெண்களும் சிரித்தார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் கயல் அஃபேசியாவுக்கு நேரே அவர் பெயரை அழுத்தி எழுதினாள்.

டிரம் காலையில் ஜீப்புக்கு ஆள் கூப்பிடுவதோடு நிற்கவில்லை. சிக்கந்தர் பேச நினைத்தது எல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. சாயங்காலம் வகுப்பு முடிந்து அவள் வந்தால், மெஹராஜிடம் குழம்பில் உப்பில்லை என்று அது சொல்ல ஆரம்பிக்கும். யார் என்று கேட்ட பக்கத்து வீட்டாரிடம் ரேடியோ என்றாள் மாரீஸ்வரி. கயல் மேலே போர்வையைப் போட்டு மூடினாள். அடுத்த வீட்டுக் கதவில் காதை வைத்தவளாகத் தன்னையே உணர்ந்தாள். ஜூன் மாதம் பிறந்து ஒரு வாரம் ஆன சனிக்கிழமை, போர்வைக்கு அடியிலிருந்து, மகளைக் கூப்பிடும் குரல் மெதுவாக வந்தது. “யாஸ்மினு, பக்கத்துல வாம்மா. அத்தாவப் பாத்து பயப்படாத. அத்தா உள்ள அப்பிடியேதான் இருக்கேன்.”

பாட நோட்டின் அந்தப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கோளாறின் பெயர், எதிரே ஆள் இல்லாமல் கிடந்தது: அனோசாக்னோசியா. தனக்கு வந்த குறையைத் தானே அறியாத நிலை. கை விழுந்தவர் கை அசைகிறது என்பார், அதில் அவர் பொய் சொல்வதில்லை. அங்கே தன் பெயரை எழுதினால் டிரம் வெறும் டிரம் ஆகிவிடும், தட்டைத் திருப்பும்போது காது எரியாது என்று கயலுக்குப் புரிந்தது. பேனாவைத் திறந்து ‘க’ என்று எழுதினாள். டிரம்மின் சத்தம் சட்டென்று நின்றது. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. மேற்கொண்டு எழுதாமல் பேனாவை மூடினாள். சத்தம் திரும்பி வந்தது. டைரியில் பிப்ரவரி பதின்மூன்றைத் தேடி எடுத்து, ‘தவறு பேனாவில் இல்லை. அவருக்கு அது வரட்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன்’ என்று கீழே சேர்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி டிரம்மைத் தூக்கிக்கொண்டு சிக்கந்தர் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெஹராஜ் நோட்டை வாங்கிப் படித்தாள்.

“அவுக கேலி பேசுனது தப்புத்தான். அதுக்கு நீ நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்ல? நாலு மாசமா நான் தர்காவுக்கும் டாக்டருக்கும் ஓடுறேன். நீ தெனம் எங்க தெருவழியாத்தான பஸ்ஸுக்குப் போன?”

“ஆமாக்கா.”

“தலையக் குனிஞ்சுக்கிட்டே போவ. அடக்கமான புள்ளைன்னு நெனச்சேன்.”

சிக்கந்தர் கயலைப் பார்த்து, “சீட்டு” என்றார். அதே நேரத்தில் டிரம், “அடக் கூறுகெட்ட புள்ள, அரிசிய எறக்காமயா தூக்கிட்டு வந்த? மூச்சு முட்டுதுல்ல” என்றது.

நான்கு மாதம் கழித்து அந்தக் குரலைக் கேட்ட மெஹராஜ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். யாஸ்மின் டிரம்மைக் கட்டிக்கொண்டு, “அத்தா, எனக்கு எத்தனை பல்லு விழுந்திருக்கு, சொல்லு பாப்போம்” என்றாள். “மூணு” என்றது டிரம். டிரம்மை அங்கேயே விட்டுவிட்டுக் கயல் படியிறங்கினாள். டிரம் பேச்சை நிறுத்தியது. அவள் திரும்பி ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மாரீஸ்வரி மூன்று முறை அவளை இறக்கியும் ஏற்றியும் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

“அப்ப நீயும் வரணும். நாளைக்கு வெள்ளன அஞ்சு மணிக்கு ஸ்டாண்டுக்கு” என்றது டிரம். சிக்கந்தர் தலையை ஆட்டினார்.

“எல்லாரும் இருப்பாகளே, அண்ணே.”

“ஆளு இல்லாத ஸ்டாண்டுல யாரக் கூப்புடுறது?”

மெஹராஜ் உள்ளேயிருந்து வந்து நோட்டைக் கயலிடம் நீட்டினாள். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. டிரம்மின் அந்தப் பக்கத்தை அவளே பிடித்துத் தெருவரை இறக்கிவிட்டாள்.

09.06.2024, ஞாயிறு. நாளை நாலு மணிக்கு எழ வேண்டும். அரிசியைச் சாக்குக்கு மாற்றி, டிரம்மை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நாலே முக்காலுக்கு ஸ்டாண்டில் இறக்கி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்க வேண்டும்.