ஸெர்பியின் மோதிரம்

கேசினோக்களில் போக்கர் சீட்டாட்டத்தை அனுமதிக்கும் மசோதாவுக்கு ஆதரவும் எதிர்ப்பும் சமமாக நின்றன. அமெரிக்க மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க்கின் செனட்டில் ஆங்கில அகர வரிசைப்படி பெயர் கூப்பிட்டு ஓட்டெடுப்பார்கள். மிச்சமிருந்தவர் டேல் ஸெர்பி மட்டும்.

அவரைச் சரிக்கட்டும் பொறுப்பு செனட்டர் மார்லீன் கோஸ்டிக்குடையது. வாரந்தோறும் ஸெர்பி வீட்டுக் கீழ்த்தளத்தில் அவளும் போக்கர் ஆடுகிறவள்தான். கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல் பந்தயத்தை ஏற்றும்போது அந்த மனுஷன் கல்யாண மோதிரத்தைத் திருகுவார்.

காலையில், "என் ஓட்டு உனக்குத்தான், மார்லீன்" என்றபோதும் திருகினார். பார்த்தும் நம்பித் தொலைத்தாள்.

"ஸெர்பி?" என்றார் செயலர்.

"எதிர்ப்பு."

மசோதா செத்தது. ஸெர்பி அவள் பக்கம் குனிந்தார்.

"கோவிச்சுக்காத. சூதாட்டம் பாவம்னு எங்க ஊர் சர்ச்சுல சொல்றாங்க. அடுத்த தேர்தல்ல நான் அவங்க முன்னாடிதானே நிக்கணும்?"

மோதிரம் அசையவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்துடு. புதுச் சீட்டுக்கட்டு வாங்கி வச்சிருக்கேன்."