ரத்தம் வராத இடம்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன். வெஸ்ட்ஃபாலியாவில் ஒரு மருத்துவமனை, அதன் ஸ்கேன் அறையில் எனக்கு நர்ஸ் வேலை. முதுகெலும்பு உடைந்து அறுவை செய்துகொண்டவர்கள் வருவார்கள். நுண்ணிய வாயுக் குமிழிகள் கலந்த மருந்தை அவர்கள் கை நரம்பில் ஏற்றுவேன். குமிழிகள் ரத்தத்தோடு ஓடி முதுகுத் தசைக்குப் போகும். ரத்தம் போகிற இடமெல்லாம் திரையில் மின்னும். போகாத இடம் இருட்டு. முதுகைக் கீறித் திறந்து செய்த அறுவையா, சிறு துளைகள் வழியே செய்த அறுவையா, எதில் தசைக்கு ரத்தம் நன்றாக ஓடுகிறது என்பது டாக்டர் தெர்ஹோர்ஸ்டின் ஆராய்ச்சி.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார் என்பதை நாங்கள்—'

அடித்துவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே பயமுறுத்துவது மட்டமான வேலை. (இரண்டாவது தொடக்கம் அதைவிட மோசம். அதைக் காட்டப்போவதில்லை.)

2

மெக்டில்டும் அவள் அக்கா ரோஸ்விட்டாவும் ஒரே நாளில், ஒரே கூடையில் முதுகை உடைத்துக்கொண்டவர்கள். ஆள் ஏறி வானில் பறக்கிற பலூனின் கூடை. மெக்டில்டின் கணவன் அன்ஸ்காரின் பிறந்தநாளுக்கு ரோஸ்விட்டா கொடுத்த பரிசுதான் அந்தப் பயணம். இறங்கும் நேரத்தில் காற்று வலுத்தது. கூடை அஸ்பாரகஸ் வயலில் மோதிப் புரண்டது. வெளியே வீசப்பட்ட அன்ஸ்கார் அங்கேயே இறந்துபோனான்.

மெக்டில்டுக்கு எலும்புச் சில்லு தண்டுவடத்தை அழுத்தியதால் தசையை விலக்கித் திறக்க வேண்டியதாயிற்று. ரோஸ்விட்டாவுக்குச் சிறு துளைகளே போதுமாக இருந்தன.

"இறங்குறப்ப அவன் எங்களுக்குப் பின்னாடி நின்னான். என் முதுகுல கையை வச்சு அழுத்திப் பிடிச்சிருந்தான்," என்று மெக்டில்ட் முதல் தடவை வந்தபோதே என்னிடம் சொன்னாள். "அந்தக் கை இன்னும் அங்கதான் இருக்கு. ஜில்லுனு."

தொட்டுப் பார்த்தேன். தோல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

3

மருந்தை ஏற்றினேன். சற்று நேரத்தில் திரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தது. தழும்புக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு கறுப்பு அப்படியே நின்றது.

'உள்ளங்கையைப் போல' என்று எழுதினேன். அடித்தேன். 'விரல்கள் உட்பட' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். டாக்டர் சொன்னதை எழுதினால் போதும்.

"திறந்து செஞ்சா இப்படி ஆகுறதுதாம்மா. தசை அடிபட்டிருக்கு. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பிடும்."

சொல்லிக்கொண்டே அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். (இதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை.)

"திரும்ப வேணாம் டாக்டர்," என்றாள் மெக்டில்ட். "ரத்தம் வந்தா அவன் போயிடுவான்."

சுவரோரம் நின்ற ரோஸ்விட்டா சிரித்தாள். "உயிரோட இருந்தப்ப அவன் கை மேல பட்டாலே தட்டி விடுவே. இப்ப மட்டும் வேணுமாக்கும்!"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

ரோஸ்விட்டா கோட்டின் பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள். முந்தைய வரைவில் இவளை வெறும் வாயாடியாக எழுதியிருந்தேன். இந்த இடத்துக்கு வந்ததும் அந்த வரைவு உதவாமல் போயிற்று.

அவளுடைய ஸ்கேனும் அன்றே நடந்தது. தசை முழுக்க வெளிச்சம். டாக்டருக்கு ஏக மகிழ்ச்சி.

4

இங்கேயே முடித்திருக்கலாம். இருட்டு போகவேயில்லை, மெக்டில்ட் அந்தக் கையோடு வாழ்ந்து முடித்தாள் என்று ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். படித்தால் கண் கலங்கும். ஆனால் நடந்தது அதுவல்ல.

அடுத்த வசந்தத்தில் மெக்டில்டின் தசையில் வெளிச்சம் நிரம்பியிருந்தது. டாக்டர் ஆசையாகத் திரையைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை. கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தடவித் தடவித் தேடினாள்.

"ரெண்டு வாரமாவே தெரியும்," என்றாள். "காலைல எழுந்தேன், இல்ல. சொல்லிட்டுக்கூடப் போகல."

5

பிறகு ரோஸ்விட்டா கவிழ்ந்து படுத்தாள்.

"வலி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"வலி இல்ல. ஒரு பக்கமா குளிருது. அந்த ஜன்னலைச் சாத்துங்களேன்."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

மருந்தை ஏற்றினேன். நான் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. டாக்டரின் முகம்தான் தெரிந்தது. கருவியை எடுத்தார், இன்னும் கொஞ்சம் ஜெல் தடவினார், மறுபடி வைத்தார். வயரை அசைத்துப் பார்த்தார்.

"துளை வழியா செஞ்சதுல இப்படி வராதே... அதுவும் இவ்வளவு நாள் கழிச்சு..."

மெக்டில்ட் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். வெகுநேரம் திரையைப் பார்த்தாள். ஒரு சாயலை அடையாளம் காண்கிறவள் பார்ப்பதுபோல என்று எழுதலாமா? எழுதிவிட்டேன், இருக்கட்டும். பிறகு கட்டிலருகே குனிந்து, அக்காவின் காதில், கோபமே இல்லாத குரலில் கேட்டாள்:

"ரோசி, எப்பலேருந்து?"

குளிரைத்தான் கேட்கிறாள் என்று டாக்டர் நினைத்தார். குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.

ரோஸ்விட்டா தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினாள். அவள் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள் பலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்று மருத்துவத்துக்குப் பொருந்துகிறது, மற்றொன்று கதைக்கு. அவள் உண்மையில் சொன்னது எனக்குக் கேட்டது. அதை எழுத மாட்டேன். அது அந்த இருவருக்கும் உரியது. அக்காவையும் தங்கையையும் இப்போது உங்களுக்கும் தெரியும், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

டாக்டர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லலாம். பதிலைக் கேட்டவர் எதையும் எழுதாமல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.