இரைச்சல் நீக்கியது

அண்ணன் தவறிப்போன பிறகு அண்ணி என் ஸ்டுடியோவுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. தங்கள் மகள் முதன்முதலாக நடந்ததை அண்ணன் செல்போனில் எடுத்திருந்த வீடியோவைக் கொடுத்தார்.

"ஒரே இரைச்சல் தம்பி. பாப்பா சிரிக்கிறது சரியாவே கேக்கல."

ஒலி எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. என் மென்பொருளில் மேலே சின்ன ஜன்னலில் படம் ஓடும். அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். வெட்டுவது, துடைப்பது எல்லாம் கீழே அலை அலையாக நீளும் ஒலியில்தான். மின்விசிறி, தெரு ஹாரன், மைக்கை ஒட்டிப் புஸ்புஸ் என்று கேட்ட ஏதோ ஒன்று, அத்தனையையும் வழித்துப் போட்டேன். சிரிப்பு பளிச்சென்று கேட்டது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். முகம் வாடிப்போனது.

"அவரு எங்க தம்பி?"

"எடுத்ததே அண்ணன்தானே? அப்புறம் அதுல எப்படி இருப்பாரு?" என்று வள்ளென்று விழுந்தேன்.

"பாப்பா பின்னாலயே குனிஞ்சு, மூச்சு வாங்கிக்கிட்டு வருவாரே."

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கூடப் பிறந்தவனின் மூச்சை இரைச்சல் என்று துடைத்திருக்கிறேன்.

பழைய ஒலியை மீட்டேன். விசிறியையும் ஹாரனையும் மட்டும் குறைத்து, அந்தப் புஸ்புஸைச் சற்றுத் தூக்கி வைத்து ஓடவிட்டேன். அண்ணி ஹெட்போனை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டார்.

"அந்தப் படத்த மூடிடுங்க தம்பி," என்றார். "அதுலதான் அவரு இல்லயே."