குன்னூருக்குப் போக ஒரு தொப்பி

அன்று குமாரதாஸ் வீட்டில் புட்டு இல்லை. புட்டுக்குடம் என்னவோ அடுப்பில்தான் இருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது, ஆவியும் குபுகுபுவென்று வந்தது. ஆனால் குழலைச் சொருக வேண்டிய வாயில் அவன் பெண்டாட்டி ஜெயபாய் ஒரு தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடியுமுன்னே போய் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வயிறு ஒட்டித் திரும்பிய மனுஷன் வாசலில் நின்று அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இண்ணைக்கும் பழங்கஞ்சிதானா?"

"செத்த பொறுங்க. ஆவி நின்னா ரோமம் வெறச்சுப் போவும்."

எஸ்டேட் லயத்தில் இருந்த பதினெட்டு வீட்டுக்காரர்களும் ஒரு வாரமாக இதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் வைக்கிற சாமானைப் புட்டு மாதிரி அவிக்கிறாள், நாளைக்குப் பயறும் பப்படமும் சேர்த்துப் பிசைந்து தருவாள் என்று அடுத்த வீட்டு அன்னக்கிளி குழாயடியில் சொன்னதாகக் கேள்வி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஜெயபாய் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் காது முழுக்க ஆவியின் சத்தத்தில் இருந்தது. ரோமம் நன்றாக நனைந்து இளகிய அந்த ஒரு நிமிஷத்துக்குள் அதை மர அச்சின் மேல் இழுத்துப் போட்டுக் கயிறு கட்டிவிட வேண்டும். பிந்தினால் சுருங்கும், முந்தினால் கிழியும்.

ஃபெல்ட் என்று எஸ்டேட் பங்களாவிலிருந்த வெள்ளைக்கார மதாம்மா சொல்லுவாள். நெய்த துணியல்ல அது, பாவும் இல்லை ஊடும் இல்லை. முயல் ரோமத்தை வெந்நீரிலே போட்டு உருட்டி, மிதித்து, ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி சிக்கவைத்து, கவிழ்த்த கூம்பு மாதிரி சீமையிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும். அந்தக் கூம்பைத்தான் இங்கே தொப்பியாக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் ஜெயபாய் பங்களாவுக்குப் போனது இஸ்திரி போடத்தான். சாயிப்பைக் கட்டுவதற்கு முன் மதாம்மா லண்டனில் ஒரு கடையில் தொப்பி தைத்து வயிறு கழுவியவள். கிளப்புக்கு வருகிற மற்ற மதாம்மாக்களுக்கு இது தெரியாது, தெரிந்தால் மரியாதை போய்விடும். தைப்பதை விடவும் அவளுக்கு முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, இஸ்திரிக்காரியைக் கூப்பிட்டாள். அப்படித்தான் வித்தை வந்து ஒட்டிக்கொண்டது.

சும்மா ஒட்டவில்லை. ஊசி ரோமத்தின் பாதிக் கனத்துக்குள்ளேயே போய் உள்பக்கமே திரும்ப வேண்டும், வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியக் கூடாது. முதல் வருஷம் முழுக்க ஜெயபாய் தைத்ததையெல்லாம் மதாம்மா ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துக் கையில் கொடுத்தாள். நாலாம் வருஷம் முண்டக்கயத்துத் துரைசானி ஒருத்திக்கு நீலத் தொப்பி போனது. இவ்வளவு நேர்த்தியாக யார் செய்தது என்று அவள் கேட்டு எழுத, நான்தான் என்று மதாம்மா பதில் எழுதிவிட்டாள். அதை ஜெயபாயிடமே சொல்லிச் சிரித்தாள். ஜெயபாயும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு நாடு நம்முடையதாயிற்று, சாயிப்புமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். இந்த எஸ்டேட்டைக் கோட்டயத்து முதலாளி ஒருவர் வாங்கினார். அவர் வீட்டு அம்மாவுக்குத் தொப்பி என்றால் மூன்றாம் கிளாஸ் பாடப் புத்தகத்துப் படம், அவ்வளவுதான். பங்களாவில் இஸ்திரி போட வேறு ஆள் வந்தது. ஜெயபாயைக் களை பறிக்க அனுப்பினார்கள். முள்ளும் மண்ணும் ஏறிய விரல் ரோமத்தின் மேல் வழுக்கிப் போகாது, மாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டே மாசத்தில் தன் கை தன் கையாக இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் போனால் மிச்சமும் போய்விடும் என்பதும் தெரிந்தது.

அப்போதுதான் கடிதம் வந்தது. எழுதியவள் மிஸ் டிக்ரூஸ், ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரப் பெண்மணி, குன்னூரில் தொப்பிக்கடை வைத்திருப்பவள். மதாம்மா கப்பலேறுமுன் ஜெயபாயைப் பற்றி அவளுக்கு எழுதியிருந்தாள். சித்திரை மாசம் கடல்காற்றுக்காகக் கன்னியாகுமரிக்கு வருகிறேன், முழுக்க உன் கையாலேயே செய்த தொப்பி ஒன்றைக் கொண்டுவா, பிடித்திருந்தால் என் காரிலேயே கூட்டிப் போகிறேன், கடைக்குப் பின்னால் அறை இருக்கிறது, மூன்று வருஷம் இருக்க வேண்டும். வேதக்கோவில் உபதேசியார் படித்துச் சொன்னார். ஜெயபாய் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மதாம்மா விட்டுப்போன பெட்டியில் ஒரே ஒரு கூம்பு மிச்சமிருந்தது, பழுப்பு நிறம். ஓர் அச்சுக்கட்டை. விளிம்பை விறைக்க வைக்கிற அரக்குக் குப்பி ஒன்று.

"நான் போவட்டா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"ஒனக்கு இஷ்டம்னா போ," என்றான் குமாரதாஸ்.

"நீங்களும் வாங்களேன்."

"அங்க தேயிலையாக்கும். நான் போயி எதை வெட்டதுக்கு?"

பிள்ளை இரண்டு பிறந்து தங்கவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான், ஒன்றுக்கு ஒன்று கணக்காக. நல்ல மனுஷன்தான் அவன். குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான், மனசில் இருப்பதைச் சொல்லவும் மாட்டான். போ என்றால் போ என்றுதான் அர்த்தம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அச்சில் ஏற்றிய தொப்பி மூன்றாம் நாள் காய்ந்தது. இனி அரக்குப் பூச வேண்டியதுதான். ஆனால் கடிதத்தின் கடைசி வரி அவளைத் தூங்க விடவில்லை. குன்னூரில் பாதி வருஷம் மழையும் மஞ்சும், விளிம்பு தொங்காத தொப்பிதான் அங்கே தொப்பி என்று எழுதியிருந்தது. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையில் மதாம்மாவின் தொப்பிகளே வாடிய வாழையிலை மாதிரி தொங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். அரக்கு நம்பக்கூடியதல்ல. மதாம்மாவுக்கும் தோன்றாத ஒன்றைச் செய்துகாட்டினால் என்ன? ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சொந்தமாக ஒரு யோசனை வந்தது, அந்த யோசனை வந்த சந்தோஷத்திலேயே பாதி மயங்கிவிட்டாள். மரத்தடியில் மழைக்கு மறைப்பாக பால்வெட்டுக்காரர்கள் ரப்பர் பாலில் முக்கியெடுத்த சாக்கு கட்டுவது அவள் தினமும் பார்க்கிறதுதானே.

"இஞ்ச பாருங்க. ரப்பர் பால் முக்கின துணியில தண்ணி எறங்குமா?"

குமாரதாஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டுவதை நிறுத்தாமல், "எறங்காது," என்றான்.

"ரோமத்துல தேச்சா பிடிக்குமா?"

"நல்லா பிடிக்கும்."

மறுநாள் ஒரு சிரட்டை நிறையப் பால் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான். கோழியிறகால் தொட்டுத் தொட்டு உள்பக்கம் முழுக்கப் பூசினாள், விளிம்பின் அடியில் இரண்டு பூச்சு. நிழலில் காய்ந்ததும் விளிம்பு நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே. தண்ணீரைத் தெளித்தாள், சேம்பிலையில் பட்டது போல உருண்டு ஓடியது. நாற்றம் போக ராமச்சம் என்கிற வெட்டிவேரை உள்ளே திணித்து வைத்தாள். நாடாவைச் சுற்றி, ஒரு பக்கம் சின்ன மடிப்பு வைத்துத் தைத்து முடித்தபோது ஜெயபாய்க்கு முப்பத்தாறு வயசு என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு அழகாக இருந்தாள். தொப்பியைக் கலயத்தின் மேல் கவிழ்த்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். தன் தலையில் மட்டும் வைக்கவில்லை. ஒருநாளும் வைத்ததில்லை. நம் தலை தேங்காயெண்ணெய்த் தலை, பட்டால் ரோமம் கறைபிடிக்கும் என்பது பங்களாவில் அவள் படித்த முதல் பாடம்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றான் குமாரதாஸ். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், எழுந்து வெளியே போய் உட்கார்ந்தான்.

சித்திரை பத்தாம் தேதி இருவரும் புறப்பட்டார்கள். நாகர்கோவிலில் பஸ் மாறி, தொப்பிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு, கன்னியாகுமரியில் இறங்கும்போது மணி பத்து. கடல் பார்த்த ஒரு விடுதியின் வராந்தாவில் மிஸ் டிக்ரூஸ் இருந்தாள். ஐம்பது வயசிருக்கும், செம்பட்டைத் தலைமுடி, அதை வாரிக் கழுத்தில் முடிந்திருந்தாள். குமாரதாஸ் படிக்குக் கீழே மரநிழலில் நின்றுகொண்டான்.

மிஸ் டிக்ரூஸ் பெட்டியைத் திறந்து, ராமச்சத்தை எடுத்துப் போட்டுவிட்டு, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நகத்தால் நாடாவின் ஓரத்தை வருடினாள்.

"தையல் எங்கே இருக்கு?" என்றாள்.

 அந்தக் கேள்விக்காகத்தான் ஜெயபாய் ஆறு வருஷம் காத்திருந்தாள், வாய் திறந்தால் அழுதுவிடுவாள்.

"வா, காத்திலே போட்டுப் பாப்போம்," என்று மிஸ் டிக்ரூஸ் தொப்பியைத் தலையில் வைத்து நன்றாக அழுத்திக்கொண்டு படியிறங்கினாள்.

கன்னியாகுமரிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களின் தோள்முண்டு பறக்கிறது, குடைகள் மலர்ந்து மடிகின்றன. உச்சி வெயிலில் மணலில் ஒன்றரை மணி நேரம் நடந்தாள் அந்த அம்மாள். தொப்பி அசையவில்லை. முடியோடு சேர்த்து ஊசிகூடக் குத்தவில்லை பார், என்ன அளவு, என்ன பிடிப்பு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கடையில் இரண்டு தையல்காரிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீ சொல்லிக் கொடுக்க வேண்டும். உன் அறைக்குக் கிழக்கே ஜன்னல். உன் பேரை உள்நாடாவில் தைத்துவிடலாமா? இது ஜெயபாய் செய்தது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நாளைக் காலை ஆறு மணிக்குக் கார் புறப்படும், போய்த் துணிமணி எடுத்துக்கொண்டு வந்துவிடு. ஜெயபாய்க்குக் கால் மணலில் பாவவில்லை. மரத்தடிக்கு ஓடிப்போய்ப் புருஷனிடம் சொன்னாள். குமாரதாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வராந்தாவில் மிஸ் டிக்ரூஸ் தொப்பியைக் கழற்றக் கை வைத்தாள். வரவில்லை. சிரித்தாள், மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை முகம் சுளித்து, ஸ் என்றாள். ஜெயபாய் ஓடிப்போய் விளிம்பைத் தூக்கி விரலை உள்ளே விட்டாள். வெயிலில் பால் இளகிக் கொழகொழத்து, முடியோடு முடியாகப் பிசினாகியிருந்தது. விரலை எடுத்தால் விரலோடு வந்தது. 

"இழுக்காத." படிக்குக் கீழிருந்து குமாரதாஸ் சொன்னான். உரக்கச் சொல்லவில்லை. "தேங்காயெண்ணெ விட்டு எடுக்கணும். இழுத்தா தோலு பிஞ்சிரும்."

ஜெயபாய் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒரு பார்வை. விடுதிச் சமையல்காரன் எண்ணெய் கொண்டுவந்தான். அரைமணி நேரம் ஊற்றி ஊற்றித் தேய்த்ததில் பாதி விட்டது. மீதி உச்சியில் கட்டியாகிவிட்டது, அதைக் கத்திரிக்கத்தான் வேண்டும். மிஸ் டிக்ரூஸ் தன் பெட்டியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து நீட்டினாள். ஜெயபாயே கத்திரித்தாள். நேராகத்தான் கத்திரித்தாள், ஆனாலும் உச்சியில் ஒரு பிடியளவு வெளேரென்று தெரிந்தது. மிஸ் டிக்ரூஸ் கண்ணாடியில் அதைத் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. ஒரு சால்வையை எடுத்துத் தலையை மூடிக்கொண்டு, "நீ போ," என்றாள். தொப்பியை அவள் கையிலேயே கொடுத்தாள்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். தாழி தானாக உடைந்தால் மனசு ஆறிவிடும்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் நிழலே இல்லை. ஜெயபாய் கேட்டாள். "வெயில்ல எளகும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"வெட்டுக்காரனுக்குத் தெரியாதா? பொகை போட்டு ஒணக்காத பாலு எளகத்தானே செய்யும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ தண்ணி எறங்குமான்னுதான் கேட்ட."  பஸ் வருகிற பாதையை எட்டிப் பார்த்தான். "சொல்லியிருந்தா நீ போயிருப்பேல்லா."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவனை அந்த மணலிலேயே விட்டுவிட்டு எங்காவது நடந்துவிட வேண்டும் என்று வெறி வந்தது. எங்கே நடப்பது? வடக்கே போகிற எந்தப் பாதையும் குன்னூரில் அவளை இனிச் சேர்க்காது. பஸ் வந்தது. அவன் முன்னால் ஏறி ஜன்னலோர இடத்தைப் பிடித்து, அவளுக்கு விட்டுக்கொடுத்து நகர்ந்து உட்கார்ந்தான். அவள் உட்கார்ந்தாள்.

சுசீந்திரம் தாண்டும்போது மடியில் கிடந்த தொப்பியை மல்லாத்தினாள். உள்ளே செம்பட்டை முடி சுருள்சுருளாக ஒட்டியிருந்தது. ஒன்றை நகத்தால் பிடித்து இழுத்தாள். முடி வந்தது, கூடவே பால் நூலாக நீண்டு அறாமல் வந்தது. அதை விரலில் சுற்றி அறுத்துவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். அறுவடை முடிந்த வயல்களின் மேல் வெயில் அப்படியே நின்றது. ஒவ்வொரு முடியாக அவள் எடுத்துக்கொண்டிருந்தாள், எடுக்க எடுக்க இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த குமாரதாஸ், பால்கறை படிந்த தன் கையையும் தொப்பிக்குள் விட்டு, ஒரு முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.